தண்டையார்பேட்டை வீட்டுச் சுவருக்குக் கோட்டோவியமும் நீர்வண்ண ஓவியமும்: எதைத் தேர்வது, எங்கே மாட்டுவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடியில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். கூடம் பத்தடிக்குப் பதினைந்தடி, மேற்கில் ஒரு பெரிய சன்னல், கையில் முப்பதாயிரம் ரூபாய். கடையில் தொங்கும் கேன்வாஸ் அச்சுப்படங்கள் வேண்டாம், கையால் வரைந்த கோட்டோவியங்களும் நீர்வண்ண ஓவியங்களும் வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஆனால் உங்கள் மைத்துனர், கடற்காற்றில் வாட்டர்கலர் இரண்டே வருடத்தில் வெளுத்துவிடும், பணம் வீண் என்று சொல்லிவிட்டார். எப்படிப்பட்ட படங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நீங்கள் கேட்டிருந்தாலும், அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. காகிதத்தில் வரைந்த ஒரு பொருள் கடலோரத்து வீட்டில் நிலைக்குமா, எந்தச் சுவரில் மாட்டினால் நிலைக்கும்? அதற்கு விடை கிடைத்துவிட்டால், எதை வாங்குவது என்பது பாதிக்கு மேல் தானாகவே தீர்ந்துவிடும். ஆகவே சுவரிலிருந்து தொடங்கிப் படத்துக்கு வருகிறேன்.

நான் பெரியமேட்டிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவன். படிப்பு முடிந்ததும் பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா நடத்திவந்த பிரேம் கடைக்கே திரும்பிவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படங்களுக்குச் சட்டம் போட்டும், கெட்டுப்போய் வந்த படங்களைப் பிரித்துப் பார்த்தும் கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன். காகிதம், நிறம், ஈரம், வெளிச்சம் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எது அழகு என்று சொல்லுமிடங்களில் அது என் ரசனை மட்டுமே. உங்கள் கண் வேறு சொன்னால் உங்கள் கண்ணையே நம்புங்கள். எந்த ஓவியரின் படம் பின்னாளில் விலை ஏறும் என்பதும், வாஸ்துப்படி எந்தத் திசையில் எது இருக்க வேண்டும் என்பதும் என் துறை அல்ல. அவற்றை விட்டுவிடுகிறேன்.

உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நீர்வண்ணம் என்பது நிறப்பொடியைக் கருவேல இனத்து மரப்பிசினில் குழைத்துச் செய்வது. தூரிகையில் தொட்டு நீர்விட்டுப் பூசும்போது அது காகிதத்தின் மேல் மிக மெல்லிய படலமாக மட்டுமே படிகிறது. தைல வண்ணத்தில் இருப்பதுபோல நிறத்தைப் போர்த்திக் காக்கும் எண்ணெய்ப் படலமோ வார்னிஷோ இதில் இல்லை. ஆகவே வெளிச்சம் பட்டால் மங்கும் இயல்புடைய நிறப்பொடியாக இருந்தால், தைல வண்ணத்தைவிட இதில் விரைவாக மங்கும். ஆனால் மங்குவதும் மங்காததும் முதலில் அந்த நிறப்பொடியைப் பொறுத்தது. மஞ்சட்காவி, செங்காவி, எரித்த சியன்னா போன்ற மண் நிறங்களும், அல்ட்ராமரைன் நீலமும், தாலோ நீலமும் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். அலிசரின் கிரிம்சன் என்னும் அடர்சிவப்பும், கண்ணைப் பறிக்கும் ஒளிரும் ரோஸ் நிறங்களும் தாங்கா. ஒரே படத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தால், ஊதாப் பூ நீலமாகிவிடும். மாலை வானம் சாம்பல் நிறமாகிவிடும்.

இதை நான் என் படத்திலேயே கண்டேன். மாணவனாக இருந்தபோது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் உட்கார்ந்து ஒரு நீர்வண்ணம் வரைந்தேன். விசைப்படகுகளுக்குப் பின்னால் வானம் முழுக்க இளஞ்சிவப்பு. அப்பாவுக்கு அது பிடித்துப்போய், அவரே சட்டம் போட்டு, கடையின் வாசலைப் பார்த்த சுவரில் மாட்டினார். எட்டு ஒன்பது வருடம் கழித்துக் கண்ணாடி உடைந்ததால் அதைப் பிரித்தபோது, நான்கு ஓரத்திலும், சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மூடியிருந்த கால் அங்குல அகலத்துக்கு மட்டும் வானம் இளஞ்சிவப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்த நீலமாகியிருந்தது. அன்றாடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அந்தச் சிவப்பு நான் மாணவர் பெட்டியிலிருந்து எடுத்த அலிசரின். அதே படத்தில் படகுகளின் நீலமும் கரையின் காவியும் ஓரத்திலும் நடுவிலும் ஒன்றுபோலவே இருந்தன. எனவே மைத்துனர் சொல்லும் இரண்டு வருடக் கணக்கைப் பொதுவிதியாகக் கொள்ள முடியாது. எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம் என்று தெரியாமல் ஆண்டுக்கணக்குச் சொல்பவர் எவராக இருந்தாலும், ஊகத்தையே சொல்கிறார்.

வெளிச்சத்தின் அளவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு ஏறத்தாழ 50 லக்ஸ்; லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. நம்மூர் நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வெளிச்சத்தால் வரும் சேதம் கூடிக்கொண்டே போவது, திரும்பி வராதது. எனவே ஒரு படத்தின் மேல் ஒரு மணி நேரம் நேர்வெயில் விழுந்தால், அது அருங்காட்சியகத்தில் இரண்டாயிரம் மணி நேரம், அதாவது நாளுக்கு எட்டு மணி நேரமாக 250 நாள் காட்சியில் இருந்ததற்குச் சமம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் கேடு இதற்கு மேல். ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடத்துக்கு 1900ஆம் ஆண்டில் ஹென்றி வான் என்பவர் டர்னர் என்ற ஆங்கிலேய ஓவியரின் நீர்வண்ண ஓவியங்கள் 38ஐ உயில் மூலம் கொடுத்தார். ஆண்டின் வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டுமே அவற்றைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அந்த ஓவியங்களின் நிறம் இன்றும் நன்றாக இருப்பதற்கு அந்த நிபந்தனையே காரணம். நாம் வீட்டில் அப்படிச் செய்யத் தேவையில்லை, பார்ப்பதற்காகத்தானே மாட்டுகிறோம். ஆனால் நேர்வெயிலைத் தவிர்த்துவிட்டாலே சேதத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுகிறோம் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது.

1888இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் நீர்வண்ணங்களின் மேல் வெளிச்சம் செய்யும் வேலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். காற்றையும் ஈரத்தையும் அகற்றிய குழாய்களில் வைத்தபோது, திறந்த வெளிச்சத்தில் மங்கிய நிறங்களில் பெரும்பாலானவை மங்கவில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஈரம் கூடினால் வெளிச்சத்தின் கேடும் கூடுகிறது. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் நமக்கு இது முக்கியமான செய்தி. உப்புக்காற்று நிறத்தை நேராகத் தின்றுவிடுகிறது என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். அப்படி நடந்ததற்கு நான் பிரித்த படங்களில் சான்று எதுவும் பார்த்ததில்லை. உப்பு செய்வது வேறு வேலை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆணி, கொக்கி, பின்பக்கக் கம்பி எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கிறது. அந்தத் துரு அட்டை வழியாக ஊறிக் காகிதத்தில் பழுப்புக் கறையாக இறங்குகிறது. இதை நான் நூற்றுக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வருவோம். மேற்குச் சன்னல் வழியாகப் பிற்பகல் வெயில் கூடத்துக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாகவே உச்சியைக் கடக்கிறது. குளிர்காலத்தில் தெற்கே சாய்ந்து போகிறது. டிசம்பரில் வெயில் படும் சுவர் வேறு, ஜூனில் படும் சுவர் வேறு. வடக்குச் சன்னல் உள்ள அறை பாதுகாப்பானது என்று குளிர்நாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பது நம்மூரில் கோடையில் பொய்த்துப்போகும். சன்னல் இருக்கும் அதே மேற்குச் சுவரில், சன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ள இடத்தில் எந்த மாதத்திலும் பிற்பகல் வெயில் நேராகப் படாது. ஆனால் அது வெளிச்சுவர் என்பதால் மழைக்காலத்தில் ஈரம் ஊறுமா என்று பார்க்க வேண்டும். சன்னலுக்கு நேரெதிரே உள்ள கிழக்குச் சுவர் நீர்வண்ணத்துக்கு ஆகாது. அங்கே ஏதாவது வேண்டுமென்றால் பென்சில் ஓவியமோ இந்திய மையில் வரைந்ததோ மாட்டலாம். அதற்கும் திரைச்சீலை போடுங்கள்.

ஈரத்தைப் பொறுத்தவரை உள்சுவரே சிறந்தது: இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும், குழாய் எதுவும் ஓடாத சுவர். குளியலறையையும் சமையலறைத் தொட்டியையும் முதுகில் சுமக்கும் சுவரில் எதையும் மாட்டாதீர்கள், சாமி படத்தைக்கூட. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பக்கத்தில் அது 80ஐத் தாண்டும் நாட்கள் பல. படத்தின் முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடுக்கில் காற்று நகராமல் ஈரம் தேங்கி, வெள்ளிப்பூச்சி குடியேறி, காகிதத்திலுள்ள பசைச்சத்தை அரித்துவிடும். ஆகவே சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் குமிழோ தக்கைத் துண்டோ ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே அரை அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். இவ்வளவு சிறிய வேலை இவ்வளவு படங்களைக் காப்பாற்றியதை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் நனைந்து வந்த படங்களும் பல உண்டு. அவற்றில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்க முயன்றவர்கள்தான் படத்தை இழந்தார்கள். அப்படி ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இனி, எதை வாங்குவது. பத்தடி அகலமுள்ள கூடத்தில் ஒருவர் ஒரு படத்தை ஐந்து அல்லது ஆறு அடி தூரத்திலிருந்து பார்க்கிறார், நடைவழியில் இரண்டடியிலிருந்து. பெரிய தைல ஓவியங்கள் இந்தத் தூரத்தில் கண்ணுக்குள் அடங்குவதில்லை. கோட்டோவியமும் நீர்வண்ணமும் ஓவியர் மடியிலோ மேசையிலோ வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் குனிந்து வரைந்தவை; அவற்றைப் பார்க்க வேண்டிய தூரமும் அதுவே. எனவே நம் பக்கத்துச் சிறிய வீடுகளுக்கு இவை ஏழைக்கேற்ற மாற்று என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த அறைகளுக்கு மிகவும் பொருந்துவது இவையே என்பது என் உறுதியான எண்ணம்.

முதன்முறை வாங்குபவர்களிடம் நான் எப்போதும் கோட்டோவியத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அதில் நிறத்தின் கவர்ச்சி இல்லாததால், வரைந்தவரின் கை தெரிந்த கையா என்பது மறைக்க இடமில்லாமல் தெரிந்துவிடும். ஓவியர் ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, வரைந்த காந்தியின் கோட்டோவியங்களை எங்காவது அச்சில் பார்த்திருப்பீர்கள். சில கோடுகளில் ஒரு மனிதரின் முதுகும் நடையும் வயதும் வந்துவிடுகின்றன. ஓவியர் மனோகர் தேவதாஸ், கண்பார்வை மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே வந்த காலத்திலும், மதுரையையும் சென்னையையும் பேனா மையில் செங்கல் செங்கலாக வரைந்தார். இருவரும் நேரெதிர் வழி. இரண்டிலும் தேவையில்லாத கோடு ஒன்றுகூட இல்லை. நீங்கள் வாங்கப்போவது ஒரு மாணவரின் படமாக இருந்தாலும் இதே அளவுகோலை வையுங்கள். ஒரு கை, ஒரு கால், ஒரு படகின் விளிம்பு எங்கே திரும்புகிறதோ அங்கே கோடு தயங்குகிறதா, பலமுறை தடவப்பட்டிருக்கிறதா, அல்லது பார்த்ததை ஒரே மூச்சில் சொல்கிறதா என்று பாருங்கள். புகைப்படத்தைக் கட்டம்போட்டு நகலெடுத்த முகங்கள் பளபளப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் அலுத்துவிடும் என்பது என் அனுபவம். ஆனால் இதில் என்னோடு உடன்படாதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

கோட்டோவியத்திலும் பொருளைக் கேட்டு வாங்க வேண்டும். பென்சிலும் கரித்துண்டும் இந்திய மையும் கரிப்பொருள்களே, வெளிச்சத்தில் மங்கா. கரித்துண்டு ஓவியம் தொட்டால் கலையும் என்பதால் அதன் மேல் ஃபிக்ஸடிவ் என்னும், தூளைத் தாளோடு பிடித்துவைக்கும் திரவத்தைத் தெளித்திருக்க வேண்டும். அதற்குக் கண்ணாடியே போட வேண்டும், அக்ரிலிக் தகடு கூடாது, தகட்டில் எழும் நிலைமின்சாரம் கரித்தூளை மேலே இழுத்துவிடும். பால்பாயிண்ட் பேனாவிலும் சாதாரண ஸ்கெட்ச் பேனாவிலும் வரைந்தவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றில் இருப்பது சாய மை. அவை கண்முன்னே வெளுக்கும். அப்படிப்பட்ட படம் பிடித்துப்போனால், அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் வைத்து மகிழுங்கள்.

நீர்வண்ணம் வாங்கும்போது வரைந்தவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தத் தாள், எந்த வண்ணம். பருத்திக்கூழில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளில் வரைந்திருந்தால் நல்லது. மரக்கூழ்த் தாளிலும் சார்ட் அட்டையிலும் உள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி மொறுமொறுவென்று ஒடியச் செய்யும். வண்ணக் குழாய்களில் நிறப்பொடியின் குறியீட்டு எண் அச்சிட்டிருக்கும். பிஆர் 83 என்றிருந்தால் அது நான் ஏமாந்த அதே அலிசரின்; பிவி 19 என்றால் வெளிச்சத்தை நன்கு தாங்கும் குவினாக்ரிடோன் வகை. அக்கறையுள்ள ஓவியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், மகிழ்ந்து பதில் சொல்வார். கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: நல்ல நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள். அலையின் நுரை, சட்டையின் தோள், தகரக் கூரையில் வெயில் எல்லாம் விட்டுவைத்த தாளாக இருந்தால், அவர் தூரிகையை எடுப்பதற்கு முன்பே யோசித்திருக்கிறார். பலமுறை பூசிப் பூசிக் கலங்கிய நிறம் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, இரண்டடியில் தெரியும்.

எந்தக் காட்சி என்று கேட்டால், சுவிட்சர்லாந்துப் பனிமலையைவிட நீங்கள் அன்றாடம் கடந்துபோகும் இடத்தையே தேடுங்கள் என்பேன். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், எண்ணூர் கழிமுகத்தில் வலை வீசுபவர்கள், திருவொற்றியூர்த் தேரடி, பேசின் பாலத்துப் புகைநிறம் ஆகிய எல்லாவற்றையும் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து வரைந்துவருகிறார்கள். தெரிந்த இடத்தின் படத்தில் ஓவியர் எதை விட்டுவிட்டார், எதைக் கூட்டினார் என்பது உங்களுக்குப் புரியும்; அந்தப் புரிதல் நாளாக நாளாக வளரும். திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் நிறம் பொருந்த வேண்டும் என்று தேடாதீர்கள். திரைச்சீலை ஐந்து வருடத்தில் மாறும், படம் மாறாது. சுவர் நிறத்தைப் பற்றிக் கவலை இருந்தால் அதை மவுண்ட் அட்டை தீர்த்துவிடும்: மூன்று அங்குல அகலத்தில் சற்றே மங்கிய வெள்ளை அட்டை இருந்தால், பச்சைச் சுவரானாலும் ஆரஞ்சுச் சுவரானாலும் படம் தனித்து நிற்கும்.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல் கொஞ்ச நேரம்தான். அங்கிருந்து பெரியமேட்டுக் கல்லூரி பக்கம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி அது. மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது போய்ப் பாருங்கள். உங்கள் தொகைக்கு அங்கே வரைந்தவரிடமிருந்தே நேராக வாங்க முடியும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓவியக் கூடங்களையும், கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் கண்காட்சிகளையும், 1966இல் ஓவியர் பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு முதலில் பிடித்த படம் இன்னும் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அசல் என்று சொல்லி அச்சுப்படத்தை விற்பவர்களும் உண்டு. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். அச்சில் ஒழுங்கான வண்ணப் புள்ளிகளோ, இங்க்ஜெட் தெளித்த துகள்களோ தெரியும். கையால் பூசியதில் நிறம் தாளின் குழிகளில் தேங்கி, நீர் காய்ந்த விளிம்பில் அடர்ந்து நிற்கும். பென்சில் கோட்டைச் சாய்த்துப் பார்த்தால் ஈயம்போல மினுங்கும். அச்சிட்ட கோடு மினுங்காது. பழைய சென்னைக் காட்சிகள் பிடித்திருந்தால் அச்சுப்படம் வாங்குவதில் தவறே இல்லை. 1790களில் இங்கு வந்துபோன ஆங்கிலேய ஓவியர்களான டேனியல்களின் காட்சிகளும், இங்கேயே கல்லச்சுக்கூடம் நடத்திய ஜஸ்டினியன் காண்ட்ஸ் வரைந்த வீடுகளும் நல்ல மறுபதிப்புகளாகவே நமக்குக் கட்டுப்படியாகும். அச்சு என்று தெரிந்து, அச்சுக்குரிய விலை கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவே.

சட்டம் போடுவதில்தான் நான் அதிகம் வருந்தியிருக்கிறேன். அப்பா காலத்தில் எல்லோரும் செய்ததுபோல நாங்களும் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலந்து, படத்தை முழுவதுமாக ஹார்டுபோர்டில் ஒட்டினோம். அது சுருக்கமே இல்லாமல் தட்டையாக அழகாக இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் மயில்துத்தத்திலுள்ள செம்பும், ஹார்டுபோர்டின் அமிலமும் தாளைப் பின்புறமிருந்து தின்றுவிட்டன. ஒரு தலைமையாசிரியர் தம் இறந்துபோன மகன் வரைந்த நீர்வண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதைப் பலகையிலிருந்து பிரிக்க என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த அசல் படத்தையும் நான் பலகையில் ஒட்டியதில்லை. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்: படத்தை ஒட்டக் கூடாது, லேமினேஷன் கூடாது, செல்லோடேப் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய ஜப்பானியத் தாள் பட்டையை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். முன்னும் பின்னும் அமிலமற்ற மவுண்ட் அட்டை; கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க அந்த அட்டையின் கனம் உதவும். நீர்வண்ணத் தாள் மழைக்காலத்தில் இலேசாக அலைபோல் நெளியும், கோடையில் தணிந்துவிடும். அது குறையல்ல, தாள் மூச்சுவிடுகிறது. பின்பக்கத்தைத் தாள் ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள். துறைமுகத்துத் தூசியும் லாரிப் புகையும் உள்ளே போகாது.

சட்டத்துக்குத் தேக்கு நல்லது. கரையான் பயமுள்ள வீட்டில் ஃபைபர் சட்டமும் தாழ்வில்லை. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் மேற்குச் சன்னல் அறைக்குப் போடலாம். அது மங்கலைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைக் கெடுக்கிறது. பளபளப்பில்லாத சொரசொரப்புக் கண்ணாடியைக் கோட்டோவியத்துக்குப் போடாதீர்கள், மெல்லிய கோடுகள் பனிமூட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். உங்கள் முப்பதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சட்டத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மீதியில் பதினைந்துக்கு இருபத்திரண்டு அங்குலத்தில், அதாவது அரைத்தாள் அளவில், ஒரு நல்ல நீர்வண்ணமும் இரண்டு மூன்று சிறிய கோட்டோவியங்களும் போதும். முதல் வருடத்திலேயே எல்லாச் சுவரையும் நிரப்ப வேண்டாம்.

பெரியவர்களின் மாலையிட்ட புகைப்படங்கள் கூடத்தின் முக்கியச் சுவரில் இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றை அங்கேயே விடுங்கள்; அதற்குப் பக்கத்தில் ஓவியங்களைக் கொண்டுபோய்ப் போட்டி வைக்காதீர்கள். கோட்டோவியங்களுக்கு நடைவழியும், நீர்வண்ணத்துக்குப் படுக்கையறையின் உள்சுவரும் கூடத்தைவிட நல்ல இடங்கள். வெயிலும் இல்லை, தாளிப்புப் புகையும் இல்லை. அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் வரை இருக்குமாறு மாட்டுவது வழக்கம். அது நின்று பார்ப்பவருக்கான கணக்கு. நீங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பமானால் அறைகளில் அதைவிட எட்டு அங்குலம் தாழ்த்துங்கள். நடைவழியில் பழைய கணக்கே சரி.

ஆணியா ஒட்டுக் கொக்கியா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஒட்டுக் கொக்கி கண்ணாடிப் படத்துக்கு ஆகாது, ஈரச் சுவரில் ஒருநாள் விட்டுவிடும். துளையிட்டு, பிளக் அடித்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடுங்கள். அரைத்தாள் அளவுப் படத்துக்கு ஒன்றுக்கு இரண்டாக. படத்தின் பின்னால் இரும்புக் கம்பிக்குப் பதிலாக நைலான் கயிறு. மாட்டிய முதல் வருடம், நவம்பரில் நான்கு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்ததும் ஒவ்வொரு படத்தையும் இறக்கி, அதன் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால், அல்லது படத்தின் முதுகுத்தாள் தொய்ந்திருந்தால், பொங்கல் வரை அந்தப் படத்தைப் பீரோவில் படுக்கவைத்துவிட்டு, பிறகு வேறு சுவரில் துளையிடுங்கள்.